கிரவுட் எப்போது மாப் ஆகிறது?

என்னிடம் ஆங்கிலம் பயின்ற மாணவி ஒருத்தி, தன் அக்காவின் திருமணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் வந்திருந்த உறவினர்களையும் நண்பர்களையும் ‘பெரிய மாப்’ என்று எழுதியிருந்தாள். அகராதியில் கூட்டம் என்பதற்கு எதிரே கிரவுட், மாப், த்ராங் என்று மூன்று சொற்கள் இருந்தனவாம். கிரவுட் எல்லோரும் எழுதுவது, கொஞ்சம் மாறுதலாக இருக்கட்டும் என்று இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். படித்த எனக்கு, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நூறு பேர் மணமேடையை நோக்கிப் பாய்ந்து வருவது போல இருந்தது.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் கூட்டம் என்ற சொல் எதையும் சுமக்கும். கடையில் கூட்டம், கட்சிக் கூட்டம், நிர்வாகக் குழுக் கூட்டம், பறவைக் கூட்டம், விண்மீன் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதுவே. ‘அந்தக் கூட்டத்தோடு சேராதே’ என்று பிள்ளையைக் கண்டிக்கும்போதும் அதுவே. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வெவ்வேறு சொல் தேட வேண்டியிருக்கிறது.

ஆனாலும் இந்த நுணுக்கம் நமக்குப் புதிதல்ல. ‘மக்கள் திரளாக வந்தார்கள்’ என்று எழுதுவதற்கும் ‘கும்பலாக வந்தார்கள்’ என்று எழுதுவதற்கும் உள்ள தூரத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்தவர்கள் அதே ஐந்நூறு பேர்தான். திரளாக வந்தவர்களுக்கு நாற்காலி போடுகிறோம். கும்பலாக வந்தவர்களைக் கண்டால் கதவைத் தாழிடுகிறோம். இந்தக் காதுக் கூர்மையை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் கூட்டத்தைக் குறிக்கும் சொற்களில் பெரும்பாலானவை தலைகளை எண்ணுவதில்லை. கூடியவர்கள் என்ன செய்கிறார்கள், அவர்களைப் பற்றிச் சொல்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதைத்தான் சொல்கின்றன.

கிரவுட் இவற்றில் மிகவும் எளியது, எங்கும் பொருந்துவது. பழைய ஆங்கிலத்தில் அது ஒரு வினைச்சொல்லாக இருந்தது. தள்ளுவது, நெருக்குவது என்று பொருள். பெயர்ச்சொல்லாகிக் கூட்டத்தைக் குறித்தது பிற்காலத்தில்தான். அந்தப் பழைய பொருள் இன்னும் உள்ளே இருக்கிறது. இருவர் என்றால் துணை, மூவர் ஆனால் கிரவுட் என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. மூன்று பேர் எப்படிக் கூட்டமாவார்கள்? இருவருக்கு மட்டுமே இடமுள்ள உறவில் மூன்றாமவர் நுழைந்தால் நெருக்கடிதானே! எண்ணிக்கையைவிட நெருக்கமே இந்தச் சொல்லின் உயிர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கிரவுட் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். ஆரவாரம் செய்யும் கிரவுட், கோபம் கொண்ட கிரவுட், பொறுமையாகக் காத்திருக்கும் கிரவுட் என்று முன்னால் எந்த அடைமொழியைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். அடைமொழி இல்லாவிட்டால் நடுநிலை. அதனால் ஐயம் வந்தால் கிரவுட் என்று எழுதிவிடுங்கள். பெரிய விபத்து நேராது. அண்மைக்காலத்தில் இதற்குக் கொஞ்சம் மதிப்புக்கூட கூடியிருக்கிறது. பலரிடமிருந்து சிறுசிறு தொகையாகப் பணம் திரட்டுவது கிரவுட்ஃபண்டிங். பலருடைய உழைப்பையும் அறிவையும் இணையத்தின் வழியே திரட்டுவதற்கு கிரவுட்சோர்சிங் என்ற பெயர் 2006இல் வந்தது. இந்த இரண்டிலும் மாப் என்ற சொல்லைப் பொருத்திப் பாருங்கள். பணம் திரட்டுவது வழிப்பறி போல் ஒலிக்கும்.

த்ராங் என்பதும் பழைய ஆங்கிலத்தில் நெருக்குவது என்ற பொருளிலிருந்து வந்ததுதான். பிறந்தபோது பொருள் ஒன்றாக இருந்தும் வளர்ப்பில் இரண்டும் வேறுபட்டுவிட்டன. த்ராங் இன்று எழுத்தில் வாழ்கிற சொல், பேச்சில் அரிது. ‘எள் விழ இடமில்லை’ என்று நாம் சொல்லும் நிலைக்கு அது பொருந்தும். பெரும்பாலும் அதில் ஒரு விழாக்கோலம் இருக்கும். புகழ்பெற்றவர் ஒருவரைப் பார்க்கத் தெருவின் இருபுறமும் முண்டியடிக்கும் மக்களை எழுத்தாளர்கள் த்ராங் என்பார்கள். வங்கி வரிசையைப் பற்றி எழுதும்போது இதைப் போட்டால் பட்டு உடுத்திக்கொண்டு பால் வாங்கப் போனது போல இருக்கும்.

இனி மாப். தமிழ் எழுத்தில் இது தரை துடைக்கும் மாப்போடு குழம்பும் என்பதால் ஒரு குறிப்பு: கடைசி எழுத்தை ‘கம்பு’ என்பதில் வரும் பு போல மெல்லொலியாகச் சொல்ல வேண்டும்.

இந்தச் சொல்லின் கதையே தனி. லத்தீனில் ‘மோபிலே வுல்குஸ்’ என்று ஒரு தொடர் உண்டு. நிலையில்லாமல் அலைபாயும் பாமர மக்கள் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர்கள் அதன் வாலை வெட்டி, தலையிலும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மாப் என்றார்கள். நம் கையில் இருக்கும் மொபைலும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததே, இரண்டும் அசைகிறவை. இப்படிச் சொற்களை வெட்டிச் சுருக்குவது அக்காலத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், இந்தச் சொல் பரவுவதைத் தடுக்கச் சில ஆண்டுகளாக முயன்றும் எண்ணிக்கையில் மிகுந்தவர்களிடம் தோற்றுவிட்டதாகப் புலம்பினார். கூட்டத்தைக் குறிக்கும் சொல்லை எதிர்த்து, கூட்டத்திடமே தோற்றிருக்கிறார் மனிதர்.

பிறவியிலேயே மாப் ஒரு வசைச்சொல் என்பது இதிலிருந்து தெரிகிறது. மேலே இருப்பவர் கீழே பார்த்துச் சொன்ன சொல் அது. அறிவால் நடக்காமல் உணர்ச்சியால் இழுபடுகிறவர்கள், எப்போது என்ன செய்வார்கள் என்று தெரியாதவர்கள் என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. கடையைச் சூறையாடுவது, தீ வைப்பது, சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவரை அடித்துக் கொல்வது இவையே மாப் செய்யும் வேலைகள். நம் கும்பல் என்ற சொல்லுக்கு இது மிக நெருக்கம். அமெரிக்காவில் முன்னால் ‘தி’ சேர்த்துச் சொன்னால் மாஃபியாக் குற்றக் குழு என்றே பொருள்.

தீர்ப்பைச் சுமக்கும் சொல் என்பதால், யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது நல்லது. 18ஆம் நூற்றாண்டில் ரொட்டி விலை ஏறியபோது இங்கிலாந்தில் தெருவுக்கு வந்த ஏழைகளை அக்காலத்து மேல்தட்டினர் மாப் என்றே எழுதிவைத்தார்கள். நெடுங்காலம் கழித்து, 1960களிலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும், ஜார்ஜ் ரூடே, ஈ. பி. தாம்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் பழைய ஆவணங்களைத் திரும்பப் படித்தார்கள். அந்த மக்கள் கண்மண் தெரியாமல் ஓடவில்லை, எது நியாயமான விலை என்பது பற்றி அவர்களுக்குத் தெளிவான எண்ணம் இருந்தது என்று காட்டினார்கள். அவர்கள் எழுத்தில் மாப் போய் கிரவுட் வந்தது. ஒரே நிகழ்ச்சி, ஒரே ஆவணங்கள். சொல் மாறியதும் குற்றவாளிகளாக இருந்தவர்கள் கோரிக்கை உடையவர்களாகிவிட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, இதை மீறும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். 2003இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃப்ளாஷ் மாப் யாரையும் அடிப்பதில்லை. முன்பே பேசிவைத்துக்கொண்டு திடீரென்று ஓரிடத்தில் கூடி, வேடிக்கையாக ஏதோ செய்துவிட்டுக் கலைந்துவிடும். நடிகரை ரசிகர்கள் சூழ்ந்து மொய்ப்பதற்கும் மாப் என்ற சொல்லையே வினையாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே ஆசைதான் உண்டு, பகை இல்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போனால் கதையே வேறு. அங்கே கங்காரு மந்தை ஒரு மாப், ஆட்டு மந்தை ஒரு மாப். அந்நாட்டின் பூர்வகுடி மக்கள் ‘என் மாப்’ என்றால் என் சனம், என் உறவு என்று பொருள், பாசத்தோடு சொல்வது. என் மாணவியின் வாக்கியம் அங்கே ஒருவேளை தப்பித்திருக்கும்.

மாப் போலவே இழிவுச்சொல்லாக ராபிள் என்று ஒன்று உண்டு. வேறுபாடு சிறியது, ஆனால் உண்டு. மாப்பைக் கண்டு அஞ்சுகிறோம்; ராபிளைக் கண்டு முகம் சுளிக்கிறோம். ஒழுங்கற்ற, தகுதியற்ற கும்பல் என்று தன்னை உயர்வாக நினைப்பவர் சொல்வது. ராபிள் எதையும் உடைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மேடையேறி மக்களைத் தூண்டிவிடும் பேச்சாளரை ராபிள் ரவுசர் என்பார்கள். அதில் பேச்சாளருக்கும் வசை, கேட்பவர்களுக்கும் வசை.

அடுத்து, விலங்குகளிடமிருந்தும் பூச்சிகளிடமிருந்தும் கடன் வாங்கிய சொற்கள். ஸ்வார்ம் என்பது தேனீக்களின் படை. மனிதர்களுக்கு அதைச் சொன்னால் மொய்க்கிறார்கள், அரிக்கிறார்கள், எண்ணி மாளாது என்ற அருவருப்பு ஒட்டிக்கொள்கிறது. 2015இல் பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரன், மத்தியதரைக் கடலைக் கடந்து வரும் மக்களைக் குறிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். மனிதர்களைப் பூச்சிகளாக்கிவிட்டார் என்று பலர் கண்டித்தார்கள். ‘பெருமளவில் வருகிறார்கள்’ என்று சொல்லியிருந்தால் செய்தியாகவே ஆகியிருக்காது.

ஹோர்ட் சற்று வேறு வகை. துருக்கிய மொழிகளில் ‘ஓர்து’ என்றால் பாசறை, படைமுகாம். உருது மொழியின் பெயரும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். மங்கோலியப் படைகள் 13ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவுக்குள் புகுந்த நினைவு அந்தச் சொல்லில் இன்னும் படிந்திருக்கிறது. அதனால் ஹோர்ட் என்றால் வெளியிலிருந்து வந்து இறங்கும் பெரும்படை. அமைதியான கடற்கரைக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்து குவிவதைச் சலிப்போடு சொல்லும் உள்ளூர்க்காரர் அவர்களை ஹோர்ட் என்பார். பதுக்கிவைப்பதற்கும் இதே ஒலியில் வேறு எழுத்துகளோடு ஒரு சொல் இருக்கிறது. இரண்டையும் மாற்றி எழுதுவது ஆங்கிலேயர்களே அடிக்கடி செய்யும் பிழை.

ஃப்ளாக் என்றால் ஆட்டு மந்தை, பறவைக் கூட்டம் என்று படித்திருப்போம். வேடிக்கை என்னவென்றால், பழைய ஆங்கிலத்தில் அது முதலில் மனிதர் குழுவைத்தான் குறித்தது. ஆடுகளிடம் அது பிறகுதான் போனது. இன்று மனிதர்களுக்கு அதை வினையாகச் சொல்லும்போது பெரிய பழி எதுவுமில்லை. ஏதோ ஒன்றால் ஈர்க்கப்பட்டு ஆர்வத்தோடு வந்து குவிகிறார்கள் என்றே பொருள். மாட்டு மந்தையைக் குறிக்கும் ஹெர்ட் மட்டும் மந்தைப் புத்தியின் நெடியை விடவில்லை.

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் தானாகச் சேர்ந்த கூட்டங்கள். நோக்கத்தோடு கூடுபவர்களுக்குச் சொற்கள் வேறு. இங்கே தமிழும் வளமாக இருப்பதால் விரைவாகச் சொல்லிவிடலாம். மீட்டிங் என்றால் பேசித் தீர்க்க ஏதோ இருக்கிறது. கேதரிங் என்றால் அப்படி ஒன்றும் இல்லை. தெரிந்தவர்கள் இணக்கமாகக் கூடியிருக்கிறார்கள். காங்கிரிகேஷன் வழிபாட்டுக்குக் கூடியவர்கள். லத்தீனில் மந்தையைக் குறிக்கும் சொல் அதற்குள் இருக்கிறது, மேய்ப்பன் என்ற உருவகத்தோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் புரியும். மார்ச் நகர்கிறது. ரேலி பெரும்பாலும் ஓரிடத்தில் கூடி நிற்கிறது. சிதறிய படைவீரர்களை மறுபடி ஒன்றுசேர்ப்பது என்பதே அதன் மூலப்பொருள். நாம் பேரணி என்றால் நடந்துபோவதையும் சேர்த்து நினைப்பதால், மொழிபெயர்க்கும்போது இந்த இடத்தில் தடுக்கி விழுவோம்.

ஆடியன்ஸ் என்பதில் கேட்பது என்ற லத்தீன் வினை இருக்கிறது; ஸ்பெக்டேட்டர் என்பதில் பார்ப்பது. அதனால்தான் இசைக் கச்சேரிக்கு வந்தவர்கள் ஆடியன்ஸ், கால்பந்து பார்க்க வந்தவர்கள் ஸ்பெக்டேட்டர்ஸ். திரைப்படம் பார்க்கத்தானே செய்கிறோம் என்று கேட்காதீர்கள்; அங்கேயும் ஆடியன்ஸ்தான். வேர்ச்சொல் வழிகாட்டுமே தவிர, காவல் காக்காது.

அசெம்ப்ளி என்பது முறைப்படி கூடுவது. சட்டமன்றமும் அசெம்ப்ளி, பள்ளியில் காலையில் வரிசையாக நிற்பதும் அசெம்ப்ளி. மக்கள் அமைதியாகக் கூடும் உரிமையை 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் உறுதி செய்தபோது, அங்கே வந்த வினைச்சொல்லும் இதுதான். கிரவுட்டாக இருக்க யாருக்கும் உரிமை எழுதித்தர வேண்டியதில்லை. அசெம்பிள் ஆவதற்குத்தான் உரிமை வேண்டியிருக்கிறது.

தலைகளை எண்ணுவதில்லை என்று முதலில் சொன்னேன். சட்டம் மட்டும் விதிவிலக்கு. 1715இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டப்படி, 12 பேரோ அதற்கு மேலோ அமைதியைக் குலைக்கும் வகையில் கூடியிருந்தால், அதிகாரி ஒருவர் அவர்கள் முன் ஓர் அறிவிப்பை உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கலையாதவர்கள் பெருங்குற்றம் செய்தவர்கள் ஆனார்கள். குறும்பு செய்யும் பிள்ளைகளைக் கடுமையாகக் கண்டிப்பதை ‘ரயட் ஆக்ட் படிப்பது’ என்று ஆங்கிலத்தில் இன்றும் சொல்வது அதனால்தான். இங்கிலாந்தில் 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டமும் ரயட் என்ற குற்றத்துக்குக் குறைந்தது 12 பேர் வேண்டும் என்கிறது. பதினொரு பேர் என்றால் வேறு குற்றம், வேறு பெயர்.

சொல் தேர்வு உயிர்களைப் பற்றியதாக ஆகிவிடும் ஓர் இடமும் இருக்கிறது. பெருங்கூட்டத்தில் சிக்கி மக்கள் இறந்தால் ஆங்கிலத் தலைப்புச் செய்திகள் ஸ்டாம்பீட் என்று எழுதிவிடுகின்றன. ஸ்பானிய மொழியிலிருந்து வந்த அந்தச் சொல், மிரண்ட மாடுகள் தறிகெட்டு ஓடுவதைக் குறிப்பது. படிப்பவர் மனத்தில் என்ன காட்சி எழும்? மக்கள் பீதியில் ஓடினார்கள், ஒருவரை ஒருவர் மிதித்துக் கொன்றார்கள். உண்மையில் பல நேரங்களில் அங்கே ஓட இடமே இருந்திருக்காது. ஒரு சதுர மீட்டருக்குள் ஆறேழு பேர் அடைபட்டால் யாரும் தன் விருப்பப்படி நகர முடியாது. இறந்தவர்களில் பலர் நின்றபடியே, மார்பு அழுந்தி, மூச்சுவிட முடியாமல் இறக்கிறார்கள். இதைக் கிரஷ் என்று சொல்ல வேண்டும் என்று கூட்டப் பாதுகாப்பு வல்லுநர்கள் வற்புறுத்துகிறார்கள்.

1989இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நேர்ந்தது அப்படிப்பட்ட நெரிசல். 97 பேர் இறந்தார்கள். ரசிகர்களின் நடத்தையே காரணம் என்ற பழி நெடுங்காலம் நிலைத்தது. அவர்கள் காரணமல்ல என்று விசாரணையின் நடுவர் குழு முடிவுசெய்தது 2016இல்தான். ஸ்டாம்பீட் என்ற சொல் பழியைக் கூட்டத்தின் மேல் போடுகிறது. கிரஷ் என்ற சொல், இத்தனை பேரை இங்கே அனுமதித்தது யார், வெளியேறும் வழி எங்கே என்று கேட்கவைக்கிறது. இந்த ஓர் இடத்தில் தமிழ்ச் செய்தித்தாள்கள் ஆங்கிலத்தை முந்திவிட்டன என்பேன். ‘கூட்ட நெரிசலில் சிக்கி’ என்று நாம் வழக்கமாக எழுதுவது நடந்ததை அப்படியே சொல்கிறது.

மாணவியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. திருமணத்துக்கு வந்தவர்களைக் கூட்டமாகப் பார்க்க வேண்டியதே இல்லை, கெஸ்ட்ஸ் என்று எழுதிவிடு என்றேன். அதிலும் ஒரு ‘பெரிய’ வேண்டும் என்றாள். பெருந்தொகையைச் சொல்ல ஆங்கிலத்தில் கம்பீரமான சொற்கள் சில உண்டு. மல்டிட்யூட் அவற்றில் ஒன்று. பைபிள் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இன்னொன்று ஹோஸ்ட். லத்தீனில் பகைவரைக் குறித்த சொல், பிறகு படையைக் குறித்து, இப்போது ஏராளம் என்ற பொருளில் பழியில்லாமல் நிற்கிறது. விருந்தளிப்பவரைக் குறிக்கும் ஹோஸ்ட் வேறொரு வழியாக வந்து அதே எழுத்துகளில் அமர்ந்துகொண்டது.

மறுநாள் திருத்தி எழுதிக் கொண்டுவந்தாள். ‘எ ஹோஸ்ட் ஆஃப் கெஸ்ட்ஸ்’ என்று இருந்தது. விருந்தளிப்பவரும் விருந்தினரும் ஒரே தொடரில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். தெரிந்து எழுதினாளா, தெரியாமல் எழுதினாளா என்று கேட்கவில்லை. சிவப்பு மையை மூடி வைத்துவிட்டேன்.